கோழி ஈப்போவுக்குப் போன கதை

முதலாம் வகுப்பில் எனக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. அது யாருக்கும் தெரியாத ரகசியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது மலாய்ப் பள்ளிதான். அப்பா லோரியில், அம்மா கையுறைத் தொழிற்சாலையில். தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட ஆளில்லை. வீட்டில் ஓயாமல் பேசிய வாய் அங்கே பூட்டிக்கொண்டது. வாசிக்கத் திணறுகிறவர்களைச் சாமான் அறைக்குப் பக்கத்திலிருந்த தனி வகுப்பில் போடுவார்கள். அங்கே போகிற பிள்ளைகளை மற்றவர்கள் எப்படிக் கேலி செய்வார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், நானும் செய்திருக்கிறேன்.

தினமும் ஒரு கதைப்புத்தகத்தை வீட்டில் உரக்க வாசித்துவிட்டு, பதிவுப் புத்தகத்தில் பெற்றோரின் குறிப்பும் கையெழுத்தும் வாங்கிப் போக வேண்டும். நான் படங்களைப் பார்த்துத் தமிழில் அளந்துவிட்டேன். கூடையோடு ஒரு கோழி நின்றால், அது ஈப்போவுக்குச் சேலை எடுக்கப் போகிறது என்பேன்.

"புத்தகம் மலாயில இருக்கு, நீ தமிழ்ல படிக்கிறியே?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

உங்களுக்காக மாற்றிச் சொல்கிறேன் என்றேன். பினாங்குக்கும் கிள்ளானுக்கும் லோரி ஓட்டி, வழியிலுள்ள மலாய்ப் பலகைகளையெல்லாம் படித்துத் தீர்த்த மனிதர் அதற்கும் தலையாட்டினார். படிப்பாரே தவிர அவருக்கு மலாய் எழுத வராது. அதனால் குறிப்பை ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் கற்ற தமிழில் நிதானமாக எழுதுவார். எனக்கோ தமிழ் எழுத்தும் தெரியாது.

"என்னப்பா எழுதறீங்க?"

"நீ நல்லா படிக்கிறேன்னு எழுதுறேன் லா."

ஒரு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் ஆசிரியை என்னையும் பதிவுப் புத்தகத்தையும் கேண்டீனுக்குக் கூட்டிப்போய், அங்கே மீ கோரேங் நூடுல்ஸ் விற்கும் தமிழ் அக்காவிடம் படித்துச் சொல்லும்படி கேட்டார். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். இரண்டு தடவை வாயைப் பொத்திச் சிரித்தார். கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. பிறகு ஆசிரியையைத் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாக ஏதோ சொன்னார். அக்கா திரும்பியதும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அப்பா என்னக்கா எழுதியிருக்காரு?"

"நீ நல்லா படிக்கிறியாம்," என்று அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார்.

தனி வகுப்புக்கு என்னை அனுப்பவில்லை. மறுநாளிலிருந்து காலையில் ஆசிரியை தன் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் உன் மொழியில் கதையைச் சொல் என்றார். தமிழில் ஒரு வார்த்தைகூடப் புரியாதவர், நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். பிறகுதான் விரல் வைத்து மலாயில் வாசிக்கச் சொல்வார். பாவம், ஆசிரியைக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். ஆண்டு முடிவதற்குள் வாசிக்க வந்துவிட்டது. அந்தக் கோழி ஈப்போ பக்கமே போகவில்லை, காணாமல்போன முட்டையைத்தான் தேடியிருக்கிறது. எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

பத்து வயதில் கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பில் தமிழ் படித்தேன். அலமாரியில் கிடந்த பழைய பதிவுப் புத்தகத்தை அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"கோழி இன்று பச்சைச் சேலை எடுத்தது. புத்தகத்தில் அப்படி இல்லை. மகளுக்கு மலாய் எழுத்துத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லப் பயப்படுகிறாள். ஆசிரியர் அவர்களே, முதலில் தமிழில் சொல்ல விடுங்கள். கதை பிடித்துவிட்டால் எழுத்தையும் பிடித்துவிடுவாள்."

காட்டிக்கொடுத்துவிட்டீர்களே என்று அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்லாமல் லோரியை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டார். தமிழ் தெரியாத ஆசிரியை தினமும் என் கோழியின் கதையைக் கேட்டது யார் கேட்டுக்கொண்டதால் என்று, அத்தனை வரிகளையும் வாசித்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.