அக்காவின் இலவச டிக்கெட்

குளியலறை ஜன்னல் கண்ணாடி உடைந்து என் வலது கையில் இரண்டு விரல்களின் நரம்பு அறுந்துபோனது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், வாரம் மூன்று நாள் பெங்களூருக்கு வந்து விரல்களுக்குப் பயிற்சி எடுக்க வேண்டும், இரண்டு மாதம் விடக்கூடாது என்றார். ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் லீவு கொடுத்துவிட்டார்கள். ஆனால் முழங்கை வரை கட்டு. பர்ஸைத் திறக்க முடியாது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது. அத்திப்பள்ளியில் வாழ்க்கைப்பட்ட அக்காவிடம் சொன்னேன். "நான் கூட வரேன், நீ கவலப்படாத" என்றாள்.

இருவரும் தமிழ்நாட்டில் கல்லாவி என்ற ஊரில் பிறந்தவர்கள். எனக்கும் அக்காவுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். முகம் ஒரே அச்சு. கல்யாணத்துக்குப் பிறகு அவள் கர்நாடகக்காரியானாள், நான் ஓசூர்க்காரியானேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்கூட இருக்காது.

காலையில் ஓசூரில் டவுன் பஸ் ஏறுவேன். பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்பதில்லை, டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிடுவார். ஜூஜுவாடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே அக்கா காத்திருப்பாள். அங்கிருந்து பெங்களூர் மாநகர பஸ். அதிலும் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் கர்நாடக முகவரி உள்ள ஆதார் வேண்டும். முதல் நாள் எனக்கு அது தெரியாது. அக்கா தன் கார்டைக் காட்டி டிக்கெட் வாங்கினாள். என் கார்டைப் பார்த்த கண்டக்டர், "தமிழ்நாடு. காசு கொடுங்கம்மா" என்றார். மடிவாளாவில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ். அதற்கும் தனி டிக்கெட். திரும்பி வரும்போது இன்னும் இரண்டு. எல்லாவற்றையும் என் பர்ஸிலிருந்து எடுத்து அக்காதான் கொடுத்தாள். ஒவ்வொரு முறை பர்ஸைத் திறக்கும்போதும் அவள் முகம் சுருங்கியது.

நான்காவது நாள் அக்கா ஒரு காகிதத்தை என் இடது கையில் திணித்தாள். அவளுடைய ஆதாரின் ஜெராக்ஸ்.

"நான் போன்ல காட்டிக்கறேன். நீ இதக் காட்டு. மூஞ்சி ஒண்ணாத்தான இருக்குது, யாரு பாக்கப் போறா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று கண்டக்டர் ஒரு பெண். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு வந்தவர், நான் நீட்டிய காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு இலவச டிக்கெட்டைக் கொடுத்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்தாள். நான் டிக்கெட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

பொம்மசந்திராவில் பாதிப் பேர் இறங்கினார்கள். கண்டக்டர் எங்களுக்கு முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, கட்டைப் பார்த்துக் கன்னடத்தில் என்னவோ கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்து, "கைக்கு என்னா ஆச்சு?" என்று தமிழில் கேட்டார். சொன்னேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, "குடிக்கிறீங்களா?" என்று நீட்டினார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம், நான் காட்டினது எங்க அக்கா கார்டு. எனக்கு ஓசூரு. காசு வாங்கிக்கிட்டு டிக்கெட் குடுங்க."

அக்கா என் தொடையில் கிள்ளினாள். கண்டக்டர் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிஷினை எடுத்து டிக்கெட் அடித்தபடியே சொன்னார்: "செக்கிங் வந்தா உங்களுக்கும் ஃபைன், எனக்கும் பிரச்சினை. இன்னொரு வாட்டி பண்ணாதீங்கம்மா." காசை வாங்கி வைத்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு எத்தன பஸ் மாறுறீங்க?" என்றார்.

"போக ரெண்டு, வர ரெண்டு."

"அப்பறம் ஏன் தனித்தனியா வாங்குறீங்க? காலைல ஏறுனதும் டே பாஸ்னு கேளுங்க. அன்னிக்கி பூரா எந்த ஆர்டினரி பஸ்ல வேணாலும் போலாம். ஏசி பஸ்ல மட்டும் ஏறிடாதீங்க, அதுக்கு வேற பாஸ்."

மடிவாளாவில் இறங்கியதும் அக்கா என்னை விட்டு முன்னால் நடந்தாள். ஆஸ்பத்திரியில் என் முறைக்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"மானத்த வாங்கிட்ட."

"தப்புன்னு தோணுச்சுக்கா."

"எனக்கும் தெரியும் தப்புன்னு." கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "உங்கிட்ட சம்பளம் இருக்குது. எங்கிட்ட என்ன இருக்குது? உனக்கு ஒரு காப்பி வாங்கித் தரணும்னாலும் அவருகிட்ட கேட்டு வாங்கணும். யாரையும் கேக்காம எம்பேர்ல கெடைக்கறது அந்த டிக்கெட் ஒண்ணுதான். அதையாச்சும் உனக்குக் குடுக்கலாம்னு பாத்தேன்."

நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த முறையிலிருந்து எனக்கு டே பாஸ் வாங்கினோம். அதைப் பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு பஸ்ஸிலும் காட்டும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். அதுவரை தனியாக எங்கும் போயிராதவள், எந்த நம்பர் பஸ் எங்கே திரும்பும், எது ஏசி, எது ஆர்டினரி என்று என்னைவிட வேகமாகத் தெரிந்துகொண்டாள். ஒரு நாள் மழையில் ரோடு அடைத்துக்கொண்டபோது, "மெட்ரோல போலாம் வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். அங்கே யாருக்கும் இலவசம் கிடையாது. கவுண்ட்டரில் இரண்டு டோக்கன் வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்து, "இங்க நீயும் நானும் ஒண்ணுடி" என்றாள். அன்று வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டே போனோம்.

இரண்டு மாதம் முடிந்தது. மோதிர விரல் முழுதாக மடங்கவில்லை. வேலைக்கு இந்த அளவு மடங்கினால் போதும் என்றார்கள், சேர்ந்துவிட்டேன்.

போன வாரம் மதிய சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"எங்கக்கா போற?"

"மார்க்கெட்டுக்கு. தையல் சாமான் வாங்கணும்."

"யாரு கூட?"

"யாரும் இல்ல. உக்கார சீட்டு கெடச்சுது, அதான் உன்னக் கூப்பிட்டேன்" என்றாள்.