கத்தரி குடித்த தண்ணீர்

தண்ணீரை வாடகைக்கு எடுக்கலாம் என்று உங்களுக்குத் தெரியுமா?

போன கிழமை வரை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்… ஆனால் விளங்கவில்லை.

என் தம்பி சிவா சிட்னியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். இந்த வருடம் வேலையை விட்டுவிட்டு, செவன் ஹில்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒரு நாள் கார் ஓட்டத் தூரத்தில் தோட்டக் காணி ஒன்று வாங்கினான். கத்தரி நட்டான். சிட்னி ஹரிஸ் பார்க்கின் இந்தியக் கடைக்காரர்கள் காய் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வேலியோடு ஒட்டி ஒரு வாய்க்கால், கரை முட்டத் தண்ணீர். வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை பார்க்கப் போனேன். பூ வைக்கிற கத்தரிக் கன்றெல்லாம் தலை தொங்கி நின்றன. வாய்க்காலிலோ தண்ணீர் தளும்புகிறது.

“ஏன்டா, பம்ப் பழுதோ?”

“பம்ப் நல்லா இருக்கு அக்கா. தண்ணிதான் எங்கட இல்லையாம்.”

“வாய்க்கால் எங்கட வேலியோடதானே போகுது?”

“போகுது. எங்களுக்காகப் போகேல்லை.”

நட்ட நேரம் மழை இருந்திருக்கிறது. மழை நின்றதும் பம்பைப் போடப் போனானாம். பக்கத்துத் தோட்டத்து டோனி — வயதான இத்தாலியர் — ஓடி வந்து கையைப் பிடித்திருக்கிறார். இங்கே காணி வேறு, தண்ணீர் உரிமை வேறு. காணியை விற்றவர் தண்ணீரை எப்போதோ தனியாக இன்னொருவருக்கு விற்றுவிட்டாராம்.

எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை இது. யாழ்ப்பாணத்தில் காணி வாங்கினால் கிணற்றுப் பங்கும் உறுதிப் பத்திரத்திலேயே எழுதி வரும். காணியை வாங்கிவிட்டுத் தண்ணீரைத் தேடு என்று யார் எங்களுக்குச் சொன்னது?

சரி, இப்போது என்ன வழி? வாட்டர் பேங்க் என்று ஒன்று இருக்கிறதாம். தண்ணீர் தேவைப்படாதவர்கள் தங்கள் உரிமையை அதில் போட்டு வைப்பார்கள். தேவைப்படுகிறவர்கள் ஒரு சீசனுக்கு லீசுக்கு எடுப்பார்கள். சிவா கேட்டிருந்தான். பதில்தான் வரவில்லை. இன்னும் இரண்டு வெயில் கன்று தாங்காது என்றான்.

“டோனியின்ட தோடம்பழ மரமெல்லாம் பிடுங்கிப் போட்டாராமே. அவரின்ட தண்ணியைக் கேளன்.”

“அது பேங்குக்குப் போய், எங்கேயோ கீழ ஒரு பாதாம் தோட்டக்காரன் எடுத்திட்டானாம்.”

மத்தியானம் சாப்பிடும்போது சிவாவின் போன் சத்தம் போட்டது. கிடைத்துவிட்டது. ஆற்றில் எங்கேயோ தூரத்தில் இருக்கிற யாரோ ஒருவருடைய தண்ணீர்.

எனக்கு உடனே அடுத்த கவலை. “அவ்வளவு தூரத்திலயிருந்து எப்ப வந்து சேரும்?”

“வராது அக்கா. அவரின்ட கணக்கில இந்த வாய்க்கால் தண்ணியைத்தான் எடுக்கப் போறன்.”

அதாவது… டோனியின் தண்ணீர் தூரத்துக்காரனுக்கு. இன்னொரு தூரத்துக்காரனின் தண்ணீர் டோனியின் பக்கத்துத் தோட்டத்துக்கு. நான் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டேன்.

“லீஸ் எண்டால் திருப்பிக் குடுக்க வேணுமெல்லோ? கத்தரி குடிச்சதை எப்பிடியடா திருப்பிக் குடுக்கிறது?”

“உரிமைதான் அக்கா திரும்பிப் போகும். தண்ணி போகாது. நீங்க சாப்பிடுங்கோ.”

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அதனால்தான் விளங்கவில்லையோ என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று டோனியிடம் கேட்டேன். தனக்கு நன்றாக விளங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் அவனிடம் கவனமாக இரு என்று சிரித்தார்.

பம்ப் ஓடியது. சிவா கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன் — ஒரு வாளி கூடப் போனாலும் பொலிஸ் வந்துவிடுமோ என்று. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் நிமிர்ந்திருந்தது. சிவா வெறுங்காலோடு அந்த ஈர மண்ணில் நடந்துகொண்டே இருந்தான்.

முன்பின் தெரியாத ஒருவர் அல்லவா என் தம்பியைக் காப்பாற்றியிருக்கிறார்? நேற்று ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் அவருக்கும் ஓர் அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன்.

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ,” என்றார் ஐயர்.

“பேர் தெரியாது ஐயா.”

“உறவா?”

“இல்லை. எங்களுக்குத் தண்ணி லீசுக்குத் தந்த ஆள்.”

ஐயர் சீட்டை வாங்கித் தட்டில் வைத்தார். “சரிம்மா, ஸ்வாமி பேருக்கே பண்ணிடறேன்.”

நிம்மதியாகத்தான் கும்பிட்டுவிட்டு வந்தேன். காரில் பாதி வழி வந்த பிறகுதான் யோசனை வந்தது… தண்ணீர் தந்தவர் இடத்தில் இப்போது ஸ்வாமி பேர் அல்லவா இருக்கிறது; லீஸ் முடிந்ததும் இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பது?