பியூஸுக்குப் பதிலாக ஒரு பல்ப்

பலாபத்வலவில் ஒரு கல்யாணப் பொண்ணுக்கு நான் தைத்த சாரி ஜாக்கெட்டை இன்று கொண்டுபோக வேண்டியிருந்தது. சாயந்தரம் அவள் உடுத்தப் போவதே அதைத்தான்.

போகும் வழியில் அண்ணனின் பழைய பைக் அலுவிகாரையில் நின்றுவிட்டது. புது பியூஸ் போட்டான். போட்டதும் எரிந்துபோனது. அடுத்து, எரிந்த பியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டப் போனான்.

“தம்பி, தங்கச்சிய ஏத்திக்கிட்டு வண்டிக்குத் தீ வைக்கப் போறீங்களா?”

பக்கத்து பைக் பாட்ஸ் கடையிலிருந்து ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா, இறங்கி வந்தார். பியூஸ் இருந்த இடத்தில் ஒரு இண்டிகேட்டர் பல்பை மாட்டினார். பளிச்சென்று எரிந்தது.

“எங்கயோ ஒரு வயர் இரும்புல படுது. நான் ஒவ்வொண்ணா ஆட்டுறேன். அந்த வயர் இரும்ப விட்டு விலகினா பல்ப் மங்கும், அப்பக் கத்துங்க தங்கச்சி.”

கத்துவதா? கடையில் சாமான் கேட்கவே அண்ணனை அனுப்புகிறவள் நான்.

ஹேண்டிலைத் திருப்பினார். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. டேங்கைத் தூக்கி அடியில் கைவிட்டதும் பல்ப் மங்கியது.

“மங்கிருச்சு!”

ரோட்டில் போன ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அங்கே தோல் உரிந்த ஒரு வயர் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. ராத்தா டேப் சுற்றி, பல்பைக் கழற்றி, பியூஸ் போட்டார். ஒரே உதையில் பைக் கிளம்பியது. ஜாக்கெட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பியூஸ் பியூஸாக எரிக்காமல், பழுதையே விளக்காக எரியவிட்டுத் தேடினாரே, என்ன மூளை அது!

அண்ணன் மட்டும் வழியெல்லாம், “நானும் அந்த இடத்தத்தான் நெனச்சேன்” என்றான்.

உங்கள் வீட்டு மெக்கானிக்கும் இப்படித்தானா?