இடது பக்கத்துச் சத்தம்

வண்டி ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் வண்டி தெரியும். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் வீடு கோட்டைக்குப்பத்தில். ஏரியில் படகு விட்டுப் பிடிக்கும் இறாலையும் நண்டையும் ஐஸ் பெட்டியில் போட்டு, பைக்கின் பின்னால் கட்டி, பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதுதான் அவர் தொழில். பெட்டி இறங்கிய பிறகு எங்கேயாவது போவதென்றால் அதே இடத்தில் நான் உட்காருவேன். புடவை கட்டியவள், வேறெப்படி, ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டுதான். அப்படிப் போன ஒருநாள், டச்சுக்காரர் கல்லறை மதிலைத் தாண்டியதும் வருகிற பள்ளத்தில் வண்டி இறங்கியபோது, எனக்குக் கீழேயிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“யோவ், பின்னாடி இன்னாவோ கத்துது.”

“நீ ஏறுனா கத்தாம இன்னா பண்ணும்?” என்றார்.

வீடு வந்து சேரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

சத்தம் நாளுக்கு நாள் வளர்ந்தது. கடைசியில் அவர் காதுக்கே எட்டியது. படகில் பலகை கிறீச்சிட்டால் எங்கள் பக்கத்தில் மீன் எண்ணெய் தடவுவார்கள். மரம் எண்ணெயைக் குடித்துவிட்டு அடங்கிவிடும். அவருக்குத் தெரிந்த வைத்தியமும் அது ஒன்றுதான். படகுக்கு வைத்திருந்த எண்ணெயில் துணியை நனைத்து, குலுக்கலைத் தாங்குகிற பின்பக்கத்து ஷாக் இரண்டுக்கும் மேலும் கீழும் பூசிவிட்டார். சத்தம் போயே போய்விட்டது. கூடவே குப்பத்துப் பூனைகளெல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. ஒன்று சக்கரத்தடியிலேயே குடியேறி ஷாக்கை நக்கிக்கொண்டு கிடந்தது. “பாத்தியா, எப்டி கம்முனு ஆய்ட்ச்சி!” என்று அவருக்கு ஒரே பெருமை.

எனக்கு நிம்மதி இல்லை. கீச்சென்ற சத்தம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என் இடுப்பில் சின்னதாக ஓர் இடி. காதுக்குக் கேட்காது, எலும்புக்குத் தெரியும். அதைச் சொன்னால் திரும்பவும் என் உடம்பைத்தான் கேலி செய்வார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். நிறைமாதம். ஒருநாள் பேச்சு வந்தது, மறுநாள் காலையில் அவளைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று. பஸ் வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டும்.

“பஸ்ஸுல ஏன் கஸ்டப்படணும்? நான் பைக்ல மெத்த மாரி கூட்டுக்னு போறேன்” என்றார் அண்ணன்காரர்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவது கண்முன் தெரிந்தது. கல்லறைப் பள்ளமும் தெரிந்தது. அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“அவள இந்த வண்டியில ஏத்தாதய்யா. பின்னாடி ஷாக்குல இன்னாவோ ஒடஞ்சிருக்கு.”

சொன்னது வேறு யாராவது என்றால் பரவாயில்லை. சொன்னவள் நான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு புழு பூச்சி வயிற்றில் தங்காதவள்.

மாமியார் முறத்தைக் கீழே வைத்தாள். “புள்ளத்தாச்சி நாளிக்குப் போவசொல்ல ஒடஞ்சிது நொறுங்கிச்சினு சொல்றியே, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? ஊர்ல யாருக்கும் கேக்காத சத்தம் உனுக்கு மட்டும் எப்டி கேக்குது?”

“அத்தே, நான் வண்டியச் சொல்றேன்.”

“நீ எதச் சொல்றேனு எனுக்குத் தெரியும்.”

உள்ளே போய்க் கைநிறையக் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்தாள். மகளை மட்டும் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, மூன்று தரம் சுற்றி, அடுப்பில் போட்டாள். உப்பு வெடித்தது. மிளகாய் கருகியது, ஆனால் நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். மாமியார் அடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பொறாமையே இல்லையா என்று கேட்டால், இருந்தது. அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு நடக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள் உண்டு. ஆனால் பொறாமை பள்ளத்துக்குப் பள்ளம் இடிக்காது. நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் என் வாய்தான் காரணம் என்பார்கள். நடக்காவிட்டால் வயிற்றெரிச்சல்காரி என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் எனக்குக் கெட்ட பேர்தான். போனால் போகட்டும், அந்தப் பெண் விழக்கூடாது.

அழுதுகொண்டே வாசலுக்கு வந்தேன். சுவரில் துடுப்பு சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் யோசனை வந்தது. கடலில் கத்தாளை மீன் கூட்டமாக வந்தால் தண்ணீருக்குள் கத்தும். மேலே எதுவும் கேட்காது. துடுப்பைத் தண்ணீரில் விட்டு, பிடியைக் காதோடு ஒட்டிவைத்தால் கேட்கும். என் நைனா அப்படித்தான் வலை விடுவார். என் வீட்டுக்காரரும் அப்படித்தான்.

“யோவ், வண்டி மேல ஏறி உக்காந்து குதி” என்றேன், துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

“துடுப்பு எதுக்குடி?”

“கத்தாள புடிக்க. குதிய்யா!”

“பேஜாரு பண்ணாத, உள்ள போ.”

வாசற்படியிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். “அண்ணா, அண்ணி சொல்றத ஒரு தபா செஞ்சிதான் பாரேன்.”

தங்கச்சி சொன்னதற்காக ஏறினார். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பி உட்கார்ந்தார். நான் மண்ணில் மண்டியிட்டு, துடுப்பின் நுனியை முதலில் வலது ஷாக்கின் அடியில் வைத்து, பிடியில் காதை ஒட்டினேன். பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். இடது பக்கம் வைத்தேன். பெருமூச்சுக்கு முன்னால், ‘டக்’. ஒவ்வொரு தரமும் ‘டக்’. பல வாரமாக என் இடுப்பில் இடித்தது இதுதான்.

“எறங்கு. இப்ப நீ கேளு.”

நான் ஏறிக் குதித்தேன். அவர் துடுப்பைக் காதில் வைத்தார். என் வார்த்தையை நம்பாதவர், துடுப்பு சொல்வதை நம்பாமல் இருக்க முடியாது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வற்றிவிட்டது. திரும்பவும் குதிக்கச் சொன்னார். பிறகு ஸ்பானர் எடுக்கப் போனார்.

வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, இடது ஷாக்கின் அடி போல்ட்டில் ஸ்பானரை மாட்டினார். துரு பிடித்து இறுகியிருக்கும், ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தோம். கையால் ஓர் அழுத்து அழுத்தியதுமே போல்ட் ‘படக்’கென்று இரண்டாகிவிட்டது. பாதி அவர் கையில் இருந்தது.

உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தோம். முழுக்கக் கருப்பு, பழைய துரு. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் பளபளவென்று புது இரும்பு. அந்த ஷாக் அவ்வளவு நாளும் அந்த நகக்கண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐஸ் பெட்டிக் கயிற்றை அவர் எப்போதும் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் இடப்பக்கத்துச் சேலைக் கம்பியில்தான் முடிச்சுப் போடுவார். பெட்டி அந்தப் பக்கம் சாய்ந்து, உருகிய உப்புத் தண்ணீரெல்லாம் நேராக இந்த போல்ட்டில் சொட்டியிருக்கிறது. வண்டி கத்திப் பார்த்தது. எண்ணெயைத் தடவி அதன் வாயை அடைத்துவிட்டோம்.

அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “தங்கச்சிய ஏத்திக்னு போயிருப்பேனே” என்று மட்டும் சொன்னார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாமியார் வந்து அந்த உடைந்த பாதியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மறுபடியும் உப்பும் மிளகாயும் இருந்தன. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இன்னுமா என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன்.

“இன்னா பாத்துக்னு நிக்கிற? அவ பக்கத்துல உக்காரு” என்றாள்.

எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். இந்தத் தரம் நெடி வீடு முழுக்க ஏறியது. எல்லோரும் இருமினோம். எல்லோரையும்விட அதிகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டது மாமியார்தான். நெடிதான் என்றாள்.

மறுநாள் பஸ்ஸில்தான் போனோம், நானும் நாத்தனாரும். கல்லறைப் பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறியபோது அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் புதுப்புடவை மேலேயே வாந்தியெடுத்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறவள் நான். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.