ஐஸ் பெட்டி மேல் இரண்டு கட்டிகள்

பல்லேகம போகும் வழியில் ரோட்டு வேலை. பஸ் நிற்கிறது. இறங்கி எதிர்க்கடைக்குப் போகிறேன். ஐஸ்கிரீம் பெட்டியின் மூடி மேல், பைகளில் கட்டிய இரண்டு மண்கட்டிகள் ஈரம் சொட்டக் கிடக்கின்றன. ஒன்றைத் தொடப் போகிறேன்.

"நீங்க ரோட்டுக் கொம்பனி ஆள் இல்லத்தானே?" என்கிறார் கடைக்காரர்.

"பஸ்ஸுல வந்தவன், நானா," என்கிறேன், அண்ணன் முறை வைத்து.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். தாருக்கு அடியில் போடும் மண்ணில் ஏதோ மருந்து கலக்கிறார்களாம். பனி கொட்டும் நாட்டிலேயே உறைந்து உருகி உடையாத சாமானாம். மாதிரிக்கு ஒரு கட்டியும் தந்தார்களாம்.

"ராவைக்குத் தண்ணி ஊத்திப் பெட்டிக்குள்ள வைப்பேன், பகல்ல வெளிய எடுப்பேன். அவங்க தந்தது அசையல்ல."

"மற்றது?"

"அது, மருந்து கலந்தாச்சி எண்டு அவங்க சொன்ன இந்த ரோட்டுல நானே தோண்டி எடுத்தது."

பையை அவிழ்த்து என் கையில் கொட்டுகிறார். விரலிடுக்கில் சேறாக வழிகிறது.

வெளியே தார் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். சோடா கேட்டு கொம்பனி ஓவர்சியர் உள்ளே வருகிறார்.

"நம்ம கட்டி எப்படி நானா?"

"கல்லு மாதிரி இரிக்கு," என்கிறார் கடைக்காரர்.

நான் சேற்றுக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறேன்.