மேல்சுனையை மேப்பில் ஏற்றப் போன நாள்

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை கள்ளக்குறிச்சி போய் வந்தேன். மருமகளுக்கு அப்போது எட்டாம் மாசம். அதற்கு முன் ஆவணியில், பக்கத்து வூட்டுக்காரருக்காகக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வேறு மலையில் போய் நின்றுவிட்டது. டிரைவர் போன் மேப்பில் எங்கள் மேல்சுனையே இல்லை. மருமகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் கிளம்பினேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைப் போனில் பேசியே எழுதுகிறேன்.

கரியாலூரில் காலை 6.10 பஸ், சீட்டு நாற்பது ரூபாய். மலை முழுக்கப் பனி. வளைவுகளில் பஸ் உருளவில்லை, மிதந்தது. முழிப்பா தூக்கமா என்று தெரியாமலே 8.15க்கு இறங்கினேன்.

மேப்பில் ஊர்களைச் சேர்க்கும் வேலை செய்கிற செல்வி என்ற பெண் பஸ் நிற்குமிடத்தில் காத்திருந்தாள். "ஊர் லிஸ்ட்ட நெட்ல போட்டுத்தான் கீறாங்க தாத்தா. ஆனா பேப்பரப் போட்டோ புடிச்சிப் போட்டுக்கீறாங்க. மிஷினால பேர எடுக்க முடியல."

அந்த லிஸ்ட்டைப் போட்ட அரசு அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி போட்டோவைக் காட்டினார். "பெரியவரே, பளிச்சுன்னு தெரியுதே. இன்னா கொறை?"

"எனக்கும் பளிச்சுன்னுதான் தெரியுது சார். படிக்கத்தான் தெரியல. மிஷினு என் கூட்டாளி."

சிரித்துவிட்டார். தன் கம்ப்யூட்டரில் எக்செல் பட்டியலைத் தேடி, சி.எஸ்.வி. ஆக மாற்றினார். வரிக்கு ஒரு ஊர், பேருக்கும் இருப்பிட எண்ணுக்கும் நடுவே கமா, அவ்வளவுதான். எந்த மிஷினும் படிக்குமாம்.

செல்வி வாசித்தாள். மலையில் ஊர்களை நடக்கிற வரிசையில்தான் சொல்வோம். பட்டியலும் அப்படியே இருந்தது. கண்ணை மூடிக் கூடவே நடந்தேன். ஓடை தாண்டி, பலாமரம் தாண்டி, கீழ்சுனை... அடுத்த அடிக்குத் தரை இல்லை.

"நில்லும்மா. மேல்சுனை எங்க?"

அதிகாரி எக்செல்லைத் திரும்பத் திறந்தார். கீழ்சுனைக் கட்டத்தின் ஓரத்தில் சின்னக் குறிப்பாக எங்கள் ஊரை ஒட்டிவைத்திருந்தார்கள். சி.எஸ்.வி.யில் குறிப்புகள் உதிர்ந்துவிடுமாம். "மன்னிச்சுக்குங்க" என்று தனி வரி கொடுத்து, அங்கேயே நெட்டில் ஏற்றினார். செல்வி அதை எடுத்து மேப்பில் சேர்த்தாள்.

பட்டியல் கேட்கப் போகிறவர்கள் பதினொரு மணிக்குள் போங்கள், கூட்டம் கம்மி. போட்டோ வேண்டாம், சி.எஸ்.வி. கேளுங்கள். கேட்டு வாங்கியதும் கிளம்பாமல், உங்கள் வழியை ஊர் ஊராக வாசிக்கச் சொல்லுங்கள்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை மருமகளுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுப் பாதைமுனையில் நின்றேன். வண்டி கண்ணுக்குத் தெரியுமுன்னே, பனிக்குள்ளிருந்து ஒரு போன் குரல் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னது.