நான் பார்க்காத நடுப்பகுதி

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து எழும்பிப் போய் வெளியே நின்றுவிட்டு வருவேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழும்பி வாசல் கேற்றடிக்குப் போவேன். மகள் வளர்ந்து பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டாள், இன்றுவரை அவளோடு ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருந்து பார்த்ததில்லை. "அம்மாவுக்குக் காலிலை சில்லு" என்பாள். என் கணவர் அதைவிட மோசம். நான் எழும்பினால் போதும், "என்ன, பொம்மர் வருதோ?" என்று கேட்பார். பகிடிக்குத்தான் கேட்கிறார். ஆனால் குண்டு போடுகிற விமானம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதற்காகவே நான் எழும்பிப் போன படம் ஒன்று உண்மையாகவே உண்டு.

அந்தப் படத்தின் கதையை மகளுக்குச் சின்ன வயதில் பலதரம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் இல்லாத ஏதோவொரு கிரகம். மண் தோண்டப் போன மனிதர்கள் அங்கே இரும்பு வீடுகளில் குடியிருக்கிறார்கள். வெளியே எந்நேரமும் புழுதிப் புயல். அந்தப் புழுதிக்குள் இருக்கிற ஏதோவொன்று, வெளியே போகிற ஆட்களை விழுங்கிவிட்டு அவர்களுடைய உருவத்தோடும் குரலோடும் வந்து கதவைத் தட்டும். ஒரு தகப்பன் வண்டியில் வெளியே போனவர் திரும்பவில்லை. இனி வரமாட்டார் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒருநாள் வந்து தட்டுகிறார். மகள் திறக்கிறாள். பார்த்தால் உண்மையான தகப்பனேதான். தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். இந்த இடம் வந்ததும் என் மகள் கை தட்டுவாள்.

போன மாதம் அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, உங்கடை படத்தைக் கண்டுபிடிச்சிட்டன். வந்த காலத்திலை ஒருத்தரும் பாக்கேல்லையாம். இப்ப இதுக்கெண்டு உலகம் முழுக்க ஒரு கூட்டமே இருக்கு. ரீசேட்டிலை எல்லாம் அந்தக் கதவைப் படமா அடிச்சுப் போடுகினம்." எனக்குப் புளுகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. அவள் முகம் மட்டும் சரியில்லை. "ஆனா நீங்கள் சொல்லுற மாதிரி இதிலை இல்லையம்மா" என்றாள்.

"எது இல்லை?"

"நீங்களே இருந்து பாருங்கோ. எழும்பாமல்."

நாங்கள் மயிலிட்டி ஆட்கள். அப்பாவிடம் டீசல் எஞ்சின் பூட்டிய போட் ஒன்று இருந்தது. விடியப்புறம் போட்டுகள் கரைக்குத் திரும்பும்போது, வருவது யாருடையது என்று எஞ்சின் சத்தத்தை வைத்தே நாங்கள் பிள்ளைகள் சொல்லிவிடுவோம். அப்பாவின் எஞ்சின் இடைக்கிடை மூச்சுத் திணறுவதுபோல் ஒரு அடியை விட்டுவிட்டு அடிக்கும். அதைக் கேட்டதும் நான் பாயிலிருந்து எழும்பி ஓடுவேன். நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் போன அப்பா திரும்பவில்லை. போட்டும் திரும்பவில்லை. கடலில் துவக்குச் சூடு நடந்தது என்றார்கள் சிலர். இந்தியாவில் ஏதோவொரு முகாமில் அவரைக் கண்டதாகச் சொன்னார்கள் வேறு சிலர். கண்டவரைக் கண்டவர் யார் என்று தேடிப் போனால், அவரும் இன்னொருவர் சொல்லத்தான் கேட்டதாகச் சொல்வார்.

தொண்ணூறில் ஆமி வர ஊரோடு எழும்பி ஓடினோம். அம்மாவும் அக்காவும் நானும் புத்தூரில் ஒரு கமக்காரர் வீட்டு வெங்காயக் கொட்டிலில் வந்து தங்கினோம். மேலே வெங்காயப் பிடிகள் தொங்கும், கீழே நாங்கள் படுப்போம். கடலே கேட்காத ஊர். அங்கேயும் வாசல் படலை சத்தம் போட்டால் நான் எழும்பிப் போவேன். திரும்பி வந்ததும் அக்கா, செய்கிற வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஆர்?" என்று கேட்பாள். "ஒருத்தரும் இல்லை" என்பேன். இது அநேகமாக ஒவ்வொரு நாளும் நடக்கும். அம்மா அப்போதும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தா.

மின்சாரம் அடியோடு இல்லாத காலம். படம் பார்ப்பதென்றால் ஜெனரேற்றரையும் ரீவியையும் டெக்கையும் வாடகைக்குப் பிடித்து, மண்ணெண்ணெய் சேர்த்து, ஒரு கோயில் காரியம்போலச் செய்யவேண்டும். ஒருநாள் வீட்டுக்காரரின் மகன் சாமிப்படம் போடப்போகிறேன் என்று ஒழுங்கு செய்தான். பின்னேரம் அயலிலுள்ள பெண்கள் முழுகி, திருநீறு பூசி, பிள்ளைகளோடு வந்து விறாந்தையில் இருந்தார்கள். ஒரு அம்மா கற்பூரம்கூடக் கொண்டுவந்திருந்தா. கசெற்றைப் போட்டால் புழுதி பறக்கிறது, இரும்பு உடுப்புப் போட்ட வெள்ளைக்காரர் ஓடுகிறார்கள். வாடகைக் கடைக்காரன் பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டான். மாற்றப் போனால் சைக்கிளில் நல்லூர் வரை போய்வரவேண்டும். ஜெனரேற்றருக்கோ எண்ணெய் ஊற்றி ஸ்ராட் பண்ணியாகிவிட்டது.

"ஊத்தின எண்ணெயை எடுக்கேலுமே? இருந்து பாருங்கோ" என்றார் வீட்டுக்காரர். ஒருத்தரும் எழும்பவில்லை. கற்பூரம் கொண்டுவந்த அம்மாதான் கடைசிவரை கண் வெட்டாமல் பார்த்தா.

ஜெனரேற்றர் ஓடும்போது ஒரு வில்லங்கம் இருந்தது. அந்த இரைச்சலில் பொம்மர் வருவது கேட்காது. அதனால் எந்த வீட்டில் படம் போட்டாலும் ஒருவர் சத்தம் எட்டாத தூரத்துக்குப் போய், தோட்டத்து வரம்பில் இருந்து வானத்துக்குக் காது கொடுக்கவேண்டும். கேட்டால் ஓடி வந்து ஜெனரேற்றரை நிற்பாட்டவேண்டும், எல்லோரும் பங்கருக்குள் இறங்கவேண்டும். முறை வைத்துத்தான் போவோம். ஆகவே அந்தக் காலத்தில் படம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் படத்தில் ஒரு ஓட்டை இருக்கும். உள்ளே வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன நடந்தது?" என்று கேட்டு அதை அடைத்துக்கொள்வோம்.

அன்றைக்குத் தகப்பன் வண்டியில் போய்த் திரும்பாத இடத்தில், மற்றவர்கள் இனி வரமாட்டார் என்று கையை விரிக்கிற இடத்தில், வீட்டுக்காரரின் மகன் என்னைத் தட்டினான். "உனக்குத்தானே நல்ல காது. போ." எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் போனேன். வெங்காயப் பாத்தி வரம்பில் குந்தியிருந்து வானத்தைக் கேட்டேன். வானத்தில் ஒன்றுமில்லை. தூரத்தில் ஒரு தண்ணீர்ப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு அடியை விட்டுவிட்டு அடிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முறை முடிவதற்கு முன்பே அக்கா எழும்பி என்னிடம் வந்தாள். முகம் வியர்த்திருந்தது.

"தேப்பன் வந்தவரோ?" என்று கேட்டேன்.

"ஓம். வந்திட்டார். பெட்டை கதவைத் திறந்து விட்டிட்டாள்."

"உண்மையான தேப்பனோ?"

"ஓம் எண்டு சொல்லுறன். தண்ணி குடிச்சவர். நீ உள்ளை போ, நான் இருக்கிறன்."

நான் ஓடினேன். உள்ளே போனபோது எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் முகமூடி போட்ட ஒரு ஆளும் அந்தப் பெட்டையும் ஒரு கப்பலில் ஏறிப் போனார்கள். அந்த ஆள் தகப்பன்தான் என்று எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அடுத்த மாதம் மாமாமார் இருவர் வந்தார்கள். "எத்தினை வருசத்துக்கு இப்பிடியே இருக்கிறது? தர்ப்பையிலை உருவம் செய்து எரிச்சு அந்தியேட்டியைச் செய்தால்தானே அந்த மனுசன் கரை சேருவான்" என்றார்கள். வழக்கமாக அதைச் செய்கிற கீரிமலை ஆமியிடம் இருந்தது, அப்போது போக வழியில்லை, வேறு எங்காவது செய்யலாம் என்றும் சொன்னார்கள். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தா. அக்கா வெங்காயத் தாளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பி நின்று, "அப்பா வருவார். செய்ய விடமாட்டன்" என்று கத்தினேன். பதினாறு வயதில் அந்தளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஒரு படத்தை நம்பி அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் நெஞ்சுக்குள் இருந்தது அந்தக் கதவுதான். மாமாமார் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தியேட்டி செய்யவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அம்மா பொட்டோடுதான் செத்தா.

இப்போது நல்லூரில் என் வீட்டு மேசையில், பகல் வெளிச்சத்தில், அந்தப் படம் ஓடியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள், நான் எழும்பாமலிருக்க. புழுதி நான் நினைத்திருந்ததைவிட மலிவான புழுதி. இரும்பு வீடுகள் தகரம்போல் ஆடின. தகப்பன் போனார். கையை விரித்தார்கள். முதுகில் யாரோ தட்டப்போவதுபோல் எனக்குக் கூசியது.

தட்டும் சத்தம் கேட்டது. தகப்பன் குரல் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவள் சின்னக் கண்ணாடித் துவாரத்தால் பார்த்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்தாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். வெளியே அந்தக் குரல் கெஞ்சியது, குளிருகிறது என்றது, அவள் சின்ன வயதில் செய்த குழப்படி ஒன்றைச் சொல்லிச் சிரித்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தட்டுவது மெல்ல மெல்லக் குறைந்து, புழுதிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவ்வளவுதான். யாரும் உள்ளே வரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் கப்பலில் போனது வேறு யாரோ.

"வெளியிலை நிண்டது தேப்பனோ, மற்றதோ எண்டு இண்டைக்கும் இன்ரநெற்றிலை சண்டை பிடிக்கினம் அம்மா" என்றாள் மகள். "ஒருத்தருக்கும் தெரியாது."

"வேலை வெட்டி இல்லாததுகள்" என்றேன். கையை உதறிக்கொண்டு எழும்பினேன். சமையலறைக்குப் போனேன், கிணற்றடிக்குப் போனேன், திரும்பி வந்தேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மயிலிட்டிக்கு விட்டேன்.

ஆமி காணியை விட்டதும் அக்கா அங்கேயே போய் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள். குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் பெட்டை கதவைத் திறக்கேல்லை" என்றேன்.

"எந்தப் பெட்டை?"

"புத்தூரிலை பாத்த படத்திலை."

அவள் கை நின்றது. "இப்பதான் பாத்தனியோ?" என்றாள்.

"ஏன் எனக்குப் பொய் சொன்னனீ?"

"படம் போட்டதுக்கு முந்தின கிழமை அம்மா என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டவ, அப்பாவுக்கு அந்தியேட்டி செய்வமோ எண்டு. நான் ஓம் எண்டிட்டன். அதைச் சொல்லிப்போட்டு வந்து இருக்கிறன், அந்தப் பெட்டை கதவோடை சாய்ஞ்சுகொண்டு காதைப் பொத்துறாள். எனக்கு இருக்கேலாமல் போச்சு. எழும்பி வெளியிலை வந்தால், நீ வானத்துக்குக் காதைக் குடுத்துக்கொண்டு இருக்கிறாய். உனக்கு எப்பிடியடி சொல்லுறது? வீட்டிலை ஒராளாவது கதவைத் திறந்து வைச்சிருக்கட்டும் எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். "நீ ஓம் எண்டு சொல்லிப்போட்டு நிம்மதியா இருந்திட்டாய். இவ்வளவு காலமும் எழும்பி எழும்பி அலைஞ்சது நான்."

"நிம்மதியோ?" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பில் ஒன்றுமில்லை. "நீ எழும்பிப் போவாய். நீ திரும்பி வந்து என்ன சொல்லப்போறாய் எண்டு நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். உனக்காவது நடக்கக் கால் இருந்தது."

நான் வாசல்படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் கையைக் கழுவிச் சீலையில் துடைத்தாள். ஒரு பூனை மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது, இருவரும் கலைக்கவில்லை.

"இப்ப கீரிமலைக்குப் போகலாம்தானே" என்றாள் மெல்ல. "இனியாவது செய்வமோ? நீ ஓம் எண்டால்தான்."

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்நேரம் துறைமுகப் பக்கம் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. பழைய டீசல் எஞ்சின். அடித்து, அடித்து, ஒரு அடியை விட்டுவிட்டு, திரும்ப அடித்தது. எஞ்சின் பழசானால் எதுவும் அப்படித்தான் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். எழும்பிப் போய் வேலியோடு நின்று பார்த்தேன். யாரோ இரண்டு பொடியன்கள் நீலப் போட் ஒன்றைக் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தேன். அக்கா கத்தியை எடுத்து மீனை வெட்டத் தொடங்கியிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆர்?" என்று கேட்டாள்.